கார் ஏசியில் கேஸ் எங்கே போகிறது?

சித்திரை வெயிலில் கார் ஏசி காலை வாரிவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் முதலில் காதில் விழும் வசனம் இதுதான்: “கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஃபில் பண்ணிடலாம்.” நாமும் தலையாட்டிவிடுகிறோம். பெட்ரோல்போல ஏசி கேஸும் ஓட ஓடத் தீரும் என்பது நம் நினைப்பு. ஆனால் அது எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் ஒரே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது.

பானையும் ஏசியும்

மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஏசியின் தத்துவமும் அதுவே. இங்கே நீருக்குப் பதில், பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற வேதிப்பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இது ஆவியாகி, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. பானை தன் நீரை இழந்துவிடும், ஏசி இழப்பதில்லை.

ஆக, ஏசிக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று போகும் வழி, மற்றொன்று கேஸ் போகும் வழி. காற்று வழியை வீட்டிலேயே நாம் சரிபார்க்கலாம். கேஸ் வழியில் கை வைக்கக் கூடாது.

கைக்கு எட்டும் வேலைகள்

காற்று மெதுவாக வருகிறதா? கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டாஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இருக்கும். தூசியும் சருகும் அடைத்திருந்தால் காயிலுக்குப் போதிய காற்று போகாது. கேஸ் நிறைய இருந்தும் குளிர் வராது. புது ஃபில்டர் மாட்ட ஐந்து நிமிடம் போதும். எலி கூடு கட்டும் இடமும் இதுதான் என்பதால் வயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெப்பக்காற்று வருகிறதா? கன்டென்ஸரில் பூச்சியும் மண்ணும் அடைந்திருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கழுவியும் பலன் இல்லையென்றால் கன்டென்ஸர் ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

ஃபேன் 1, 2, 3-இல் அசையாமல் 4-இல் மட்டும் சீறுகிறதா? ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. உச்ச வேகத்தில் மட்டும் நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பொறுமை உள்ளவர்கள் தாங்களே மாற்றிவிடலாம்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம்; காற்றின் ஈரம்தான் காயிலில் படிந்து வடிகிறது. அந்தத் தண்ணீர் கால்மிதியை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மிதியில் இருப்பது பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் விஷயம் வேறு: ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. அது நச்சு, குழந்தைகளையும் நாயையும் அண்டவிடாதீர்கள்.

ஹீட்டர் என்பது இன்ஜின் சூட்டைக் கூலன்ட் வழியே கடன் வாங்கும் குட்டி ரேடியேட்டர். கொடைக்கானல் ஏற்றத்தில் இன்ஜின் சூடு முள் ஏறினால், ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். இன்ஜினின் சூடு கொஞ்சம் இறங்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.

கை வைக்கக் கூடாத இடம்

கார் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ. கோடையில் ஏசியின் உயர் அழுத்தக் குழாயில் அது 200 பிஎஸ்ஐயைத் தாண்டும். குழாயைக் கழற்றினால் பீய்ச்சும் திரவம் தோலை உறையவைக்கும், கண்ணைக் கெடுக்கும். ஆர்-134ஏ ஓசோனைத் துளைக்காது என்பதால்தான் பழைய ஆர்-12க்குப் பதிலாக 1990-களில் கார்களுக்கு வந்தது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். அரை கிலோவைக் காற்றில் விட்டால், 200 லிட்டர் பெட்ரோலை எரித்ததைவிட மோசம்.

கேஸ் நிரப்புவதும் டயருக்குக் காற்றடிப்பதுபோல் அல்ல. முதலில் வாக்குவம் பம்ப் வைத்துக் குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் உள்ளே அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். பிறகு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் குறித்த எடைக்கு மேலும் கீழும் போகாமல் நிரப்ப வேண்டும். கூடினாலும் குளிர் குறையும்.

மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். கேஸோடு சுற்றும் ஆயில்தான் கம்ப்ரஸரின் சீல்களைக் காயாமல் காக்கிறது. சீல் காய்ந்தால் கேஸ் கசியும்.

அடுத்த முறை “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சொன்னால், “எவ்வளவு ஆகும்?” என்று கேட்காதீர்கள். “எங்கே லீக்?” என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பும் கேஸ், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.