உஷார்! மேலே நீல வானம், காலடியில் காட்டாறு

டாலஸில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "அண்ணே, ஆகஸ்ட் முதல் வாரம் யூட்டா போறோம். ஊர்லேருந்து அம்மா, அப்பா வந்திருக்காங்க. ஃப்ரெண்டு போன வருஷம் டென்ட் போட்ட இடம் இது. மெத்தை மாதிரி மணல், பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. எப்படி இருக்கு?"

இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை, நடுவே வெளுத்த மணல், மணல்மேல் கூடாரம். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு மரம். அதன் கிளைகளில், ஆள் உயரத்துக்கும் மேலே, காய்ந்த சுள்ளியும் வேரும் சருகும் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தன. அவற்றை அங்கே கொண்டுபோய்ச் செருகியது வெள்ளம். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்து போயிருக்கிறது. அதே மணலில்தான் அம்மா அப்பாவைப் படுக்க வைக்கத் திட்டம்.

உடனே போன் போட்டேன். அவரிடம் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

அந்த மணல் தரையை அங்கே 'வாஷ்' என்பார்கள். நம் ஊர்க் காட்டாறுதான். வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும். வந்தால் நிமிடங்களில் வரும். குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு மலைமேல் மழை பெய்தால் கீழே அருவி என்ன ஆகும் என்று தெரியும். அங்கேயாவது மலையில் காடும் மண்ணும் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும். யூட்டாவிலும் வட அரிசோனாவிலும் பரந்து கிடக்கும் கொலராடோ பீடபூமியில் பெரும்பகுதி மொட்டைப் பாறை, இறுகிய மண். விழுந்த மழை அப்படியே வழிந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. பள்ளம் என்பது நீங்கள் நிற்கும் பிளவு. சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும். ஏறித் தப்ப வழி கிடையாது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகில், லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். நம் ஆட்கள் எல்லோரும் செல்ஃபி எடுத்துப் போடும் அதே இடம். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. இடி மழை பெய்தது மைல் கணக்கில் தள்ளி, மேட்டு நிலத்தில். அந்தத் தண்ணீர் பிளவுக்குள் சுவராக வந்தது. வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். அன்றைய மர ஏணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. இப்போது இரும்புப் படிகளைப் பாறையோடு முடுக்கியிருக்கிறார்கள். நவஹோ பழங்குடியினரின் நிலம் அது, அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. மழை அறிகுறி தெரிந்து அவர்கள் பயணத்தை ரத்து செய்தால் தயவுசெய்து வாதாடாதீர்கள்.

2015 செப்டம்பர் 14 இன்னும் கொடியது. யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யனுக்குள் இறங்கிய ஏழு பேரும் இறந்தார்கள். அன்று சயானில் வர்ஜின் ஆற்றின் வடகிளை 15 நிமிடத்தில் வினாடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடியாக ஏறியது. மேட்டூர் நீர்வரத்துச் செய்தி படித்துப் பழகிய நமக்கு 2,630 கன அடி சின்ன எண்ணாகத் தோன்றலாம். அது அகன்ற காவிரி. இது பாறை இடுக்கு. அதே நாளில், தெற்கே யூட்டா-அரிசோனா எல்லையோர ஊரான ஹில்டேலில் இரண்டு வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றதில் பெண்களும் குழந்தைகளுமாக 13 பேர் போனார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் அரிசோனாவின் ஹவாசு கேன்யனில் வெள்ளம் வந்து ஒரு பெண் உயிரிழந்தார். நூறு பேருக்கு மேல் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அங்கே போகிறவர்கள் பள்ளத்தாக்கின் அடியில்தான் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.

ஆகவே, தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உங்கள் பள்ளத்துக்குத் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அந்த மேட்டு நிலத்தின் வானிலையைப் பாருங்கள். சயான் பகுதிக்கு அமெரிக்க வானிலைத் துறை தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு படியாகச் சொல்கிறது: எதிர்பார்ப்பில்லை, சாத்தியம், பெரும்பாலும் வரும், நிச்சயம் எதிர்பார்க்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் படியைத் தவிர வேறு எதற்கும் குறுகிய பிளவுகளுக்குள் இறங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ பையை விட்டுவிட்டு மேடேறுங்கள். காரில் இருந்தால், ஓடும் தண்ணீரைக் கடக்கவே கூடாது. ஓரடித் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். காட்டன்வுட் கேன்யன் ரோடு போன்ற மண்சாலைகள் களிமண். ஒரு மழை போதும், நான்கு சக்கரமும் சுழலும், வண்டி நகராது. கூகுள் மேப் அந்த வழியைச் சுருக்குப் பாதை என்று காட்டினாலும் போகாதீர்கள்.

கிளாம்பிங், அதாவது சொகுசுக் கூடாரம் என்றால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிலும் கம்பளமும் இருக்கும், சரி. சுவர் துணிதான். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி, ஊட்டியைவிட உயரம். பகலில் வெயில் கொளுத்திவிட்டு இரவில் உதறும். குளிருக்குப் பயந்து கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ கூடாரத்துக்குள் எடுத்துப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். டீ போடுவதானாலும் வெளியில்தான். கூடுதல் போர்வை கேட்டு வாங்குங்கள்.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிராண்ட் கேன்யனில் மலையேற்றம் தலைகீழ். முதலில் இறக்கம், சுகமாக இருக்கும். களைத்த பிறகுதான் ஏற்றம். விளிம்பில் இதமாக இருக்கும்போதே அடியில் கோடை வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். காலை 10 முதல் மாலை 4 வரை கீழே நடக்காதீர்கள் என்று பூங்காவே சொல்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து: ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும். முறுக்கோ மிக்சரோ உப்புக்கடலையோ இடையிடையே கொறிக்கக் கொடுங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2003இல் யூட்டாவின் புளூஜான் கேன்யனில் ஏரன் ரால்ஸ்டனின் கை பாறையில் சிக்கியபோது, அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நாளுக்குப் பிறகு தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பள்ளங்களுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் வசதிக்கும் திறந்த வானம் வேண்டும்.

அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம். டாலஸ் தம்பி பயணத்தை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார். அம்மா அப்பாவின் திரும்பும் டிக்கெட்டையும் மாற்றியாயிற்று. உங்கள் முன்பதிவு எந்தத் தேதிக்கு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மணலில் மட்டும் படுக்காதீர்கள்.