வேரியபிள் பெயரில் எந்தக் குறியீடு வரலாம்?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து செட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பாத், டெம்ப், யூசர்நேம் எனப் பல பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் பிறகு சமக்குறியும் மதிப்பும் வரிசையாக ஓடும். இவைதான் என்விரான்மென்ட் வேரியபிள்கள். எந்த போல்டர் எங்கே இருக்கிறது என்பது போன்ற விவரங்களைப் புரோகிராம்கள் இவற்றிலிருந்து படித்துக்கொள்கின்றன. நாமும் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். என்ன பெயர் வைப்பது?

விண்டோஸ் இதில் ரொம்ப தாராளம். சமக்குறி மட்டும் பெயருக்குள் வரக் கூடாது. பெயர் எங்கே முடிகிறது என்பதற்கு அதுதானே அடையாளம்! மற்றபடி இடைவெளி, அடைப்புக்குறி எல்லாம் வரலாம். 64 பிட் விண்டோஸில் மைக்ரோசாப்டே புரோகிராம்பைல்ஸ்(எக்ஸ்86) என்று ஒரு பெயர் வைத்திருக்கிறது.

இந்தத் தாராளம்தான் ஆபத்து. பழைய போட்டோக்களை அழிக்க நண்பர் ஒருவர் எழுதிய பேட்ச் பைலை, இயக்கும் முன் என்னிடம் காட்டினார். முதல் வரி:

செட் ஓல்டு =டி:\ஓல்டு

சமக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அதுவும் பெயரில் சேர்ந்துவிடும். அடுத்த வரி:

டெல் /கியூ %ஓல்டு%\*.*

இடைவெளி இல்லாத ஓல்டு என்ற வேரியபிளே கிடையாது. பேட்ச் பைலில் இல்லாத வேரியபிளின் இடம் காலியாகிவிடும். மிஞ்சுவது டெல் /கியூ \*.* மட்டுமே. அதாவது, அப்போது எந்த டிரைவில் இருக்கிறீர்களோ, அதன் ரூட்டில் உள்ள பைல்களை அழி! /கியூ இருப்பதால் 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காது. /எஸ் சேர்த்திருந்தால் உள்ளே இருக்கும் போல்டர்களுக்கும் இதே கதிதான்.

டெல் வரியை முதலில் எக்கோ என்று மாற்றி இயக்கிப் பாருங்கள். எதை அழிக்கப் போகிறது என்பது திரையில் தெரியும். எதுவும் அழியாது.

எண்ணில் தொடங்கும் பெயரும் வேண்டாம். பேட்ச் பைலில் %1 என்றால், அந்த பைலை இயக்கும்போது பக்கத்தில் டைப் செய்த முதல் சொல் என்று அர்த்தம். %1போட்டோ% என எழுதினால் %1 வரை தனியாகப் பிரித்துக்கொள்ளும். முக்காற்புள்ளியும் சிக்கல். மதிப்பில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நான் ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். முதலில் எழுத்துதான் வரும். லினக்ஸிலும் இதே பெயர்கள் செல்லும். ஹைபன் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே பாஷ் அதை வேரியபிள் பெயராக ஏற்காது.