ஆப்பிரிக்க அரசி: உலகியலும் நாடக வழக்கும்

உலகியல் வழக்கும் நாடக வழக்கும் கலந்து வருவதே புலனெறி என்பது தொல்காப்பியர் கொள்கை. அகப்பாடலுக்குக் கூறப்பட்ட இவ்விலக்கணம், போர்க்காலக் கதைகளை ஆராய்வதற்கும் துணைசெய்யும். ஈண்டு, ஜான் ஹியூஸ்டன் இயக்கத்தில் 1951-இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்க அரசி’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைச் சான்றாகக் கொண்டு, உலகியல் எவ்வளவில் நின்று நாடகம் எங்குத் தொடங்குகின்றது என்பதனைக் காண்போம்.

சி. எஸ். ஃபாரெஸ்டர் 1935-இல் வெளியிட்ட புதினமே இப்படத்திற்கு மூலம். கதை நிகழ்வது 1914-இல். களம், அந்நாளில் செருமானியர் ஆட்சியிலிருந்த கிழக்காப்பிரிக்கா. செருமானியப் படையினர் ஒரு சிற்றூரைத் தீக்கிரையாக்கி, ஊரவரைப் பிடித்துச் செல்கின்றனர். அங்குச் சமயத்தொண்டு செய்துவந்த சாமுவேல் உளமும் உடலும் தளர்ந்து இறக்கின்றார். அவர்தம் தங்கை ரோசு, ஆல்நட் என்னும் படகோட்டியின் பழைய நீராவிப் படகில் ஏறுகின்றாள். ஆற்றின் வழியே ஏரியை அடைந்து, ஆங்குக் காவல் நிற்கும் ‘லூயிசா’ என்னும் பகைக்கப்பலை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும் என்பது அவள் துணிவு. ரோசாகக் காதரின் ஹெப்பர்னும் ஆல்நட்டாக ஹம்ஃபிரி போகார்ட்டும் நடித்தனர். போகார்ட் இந்நடிப்பிற்காக 1952-இல் ஆஸ்கர் பரிசு பெற்றார்.

இனி, இதன் வரலாற்று அடிப்படையை நோக்குவோம். செருமனியின் பாப்பன்பர்க் நகரில் 1913-இல் கட்டப்பட்ட ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ என்னும் கப்பல், பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஏறக்குறைய 5,000 பெட்டிகளில் ஆப்பிரிக்கா சேர்ந்தது. தாங்கனிக்கா ஏரிக்கரையில் மீண்டும் இணைக்கப்பெற்று, 1915-இல் நீரில் இறங்கியது. அவ்வேரியில் செருமானியர் பெற்றிருந்த ஆதிக்கத்தை உடைக்க, ஆங்கிலக் கடற்படை ‘மிமி’, ‘டூடூ’ என்னும் இரு சிறு இயந்திரப் படகுகளைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து புகைவண்டியிலும், காடும் மலையும் ஊடறுத்த தரைவழியிலும், ஆற்றிலுமாகக் கொண்டு சென்றது. 1915 டிசம்பர் 26-இல் ‘கிங்கானி’ கைப்பற்றப்பட்டது. 1916 பிப்ரவரி 9-இல் ‘ஹெட்விக் ஃபான் விஸ்மன்’ மூழ்கடிக்கப்பட்டது. ஆயின் பெருங்கப்பலாகிய கோட்சனை எவரும் வெடிவைத்துத் தகர்த்திலர். 1916 ஜூலையில் செருமானியர் தாமே, இயந்திரங்களுக்கு மசகு பூசிக் காப்புச்செய்து, அதனை ஏரியில் ஆழ்த்தினர். 1924-இல் ஆங்கிலேயர் அதனை மீட்டெடுத்தனர். 1927 முதல் ‘லியெம்பா’ என்னும் பெயரொடு அது பயணிகளைச் சுமந்தது.

மூலப் புதினத்தில், காதலர் இருவரின் முயற்சி தோல்வியுறுகின்றது. படகு புயலில் மூழ்க, பகைவர் கைப்பட்ட அவர்களைச் செருமானியத் தலைவன் ஆங்கிலேயரிடமே ஒப்படைக்கின்றான். பின்னர் ஆங்கில இயந்திரப் படகுகளே அக்கப்பலை அழிக்கின்றன. இம்முடிவு வரலாற்றுக்கு அணித்து. திரைப்படமோ, தூக்கிலிடப்படும் தறுவாயில் இருவர்க்கும் மணம் நிகழ்த்தி, மூழ்கிக் கிடந்த படகையே பகைக்கப்பலில் மோதி வெடிக்கச் செய்கின்றது. காண்போர் உள்ளம் வேட்பதனை முடித்துக் கொடுத்தலால் இது நாடக வழக்கு.

காதற்பகுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் அகப்பாடல்களில் காதல் முற்பட்டு உடன்போக்கு அதன் பின் நிகழும். ஈண்டுப் போக்கே முற்படுகின்றது. ஆற்றுவீழ்ச்சியும் அட்டையும் நாணற்காடும் தந்த இன்னல்களைக் கூடிச் சுமந்தமையால் காதல் பிறக்கின்றது. வறண்ட பாலையின் தொழிலை இங்கு நீர்வழி செய்கின்றது எனலாம்.

எனினும், இப்படம் காட்டாதொழிந்தவையும் ஆராயத்தக்கன. சிற்றூர் எரிந்தபின் ஆப்பிரிக்க மக்கள் கதையின் நடுவிலிருந்து மறைகின்றனர். பிடித்துச் செல்லப்பட்டோர் என்னாயினர் எனக் கதை வினவவில்லை. உண்மையிலோ செருமானியப் படையின் பெரும்பகுதி ‘அஸ்காரி’ எனப்பட்ட ஆப்பிரிக்க வீரராலாயது. இருதிறத்தார்க்கும் சுமைதூக்கிச் சென்று, பசியாலும் நோயாலும் மாண்ட ஆப்பிரிக்கர் பல்லாயிரவர். அப்போரில் இந்தியரும் இருந்தனர். 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் தோல்வியுற்ற இந்தியப் படையில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் ஒன்று. அவர்தம் இறப்பிற்கும் இக்கதையில் இடமில்லை.

வரலாற்றை மாற்றியமைத்தல் புனைவின் உரிமை; அதனைக் குற்றமெனல் பொருந்தாது. ஆனால் இருவர் வீரத்தை உயர்த்தற்பொருட்டுப் பல்லாயிரவர் துன்பம் மறைக்கப்படுமிடத்து, அம்மறைப்பைச் சுட்டுதல் ஆராய்வோன் கடன். சுவைத்தலும் அளத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. நாடகத்தை நாடகமாகவே சுவைத்து, உலகியலைப் பிறிதோரிடத்துத் தேடிக் கற்பதே இத்தகைய படைப்புகளை அணுகும் முறையாம்.