கடல் கடந்த படைவீரரும் இல்லத்தில் காத்திருக்கும் மனைவியரும்

மணப்பிரிவைக் குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் பூசலையும் மனக்கசப்பையுமே நினைக்கிறோம். ஆயின் பூசல் ஏதுமின்றி, கடமையின் பொருட்டே ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் தம்பதியர் நம் சபைகளில் உள்ளனர். அவர்களுள் படைவீரரின் குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய பிரிவு எந்நிலையில் கைவிடுதலாக மாறுகிறது, அந்நிலையில் திருச்சபையின் பொறுப்பு யாது என்னும் வினாக்களைப் புதுச்சேரிச் சூழலை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

1. புதுச்சேரியின் தனிநிலை

முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்தியரின் நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. அதன் பின்னரும் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இம்மண்ணின் மக்கள் பிரெஞ்சுப் படையில் பணியாற்றினர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் அதனை எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்ற வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிந்துகொண்டோரில் படைவீரரும் ஓய்வூதியம் பெறுவோரும் பலர். ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் இவர்களின் வழியினர் இன்றும் பிரெஞ்சுப் படையில் சேருகின்றனர்.

ஆகவே, வழுதாவூர்ச் சாலையிலுள்ள கதிர்காமம் போன்ற பகுதியில் ஊழியம் செய்யும் ஆயர், ஒரே குடும்பத்திற்குள் இரு நாட்டுக் குடியுரிமையையும் இரு நாட்டுச் சட்டத்தையும் எதிர்கொள்ள நேரிடும். கணவன் பிரெஞ்சுப் படைமுகாமில் இருக்க, மனைவி மாமியார் வீட்டில் வாழ்வாள். அவன் அனுப்பும் பணமோ பல வேளைகளில் அவள் கைக்கு வராமல் பெரியோர் கைக்கே போய்ச் சேரும்.

2. மூவகைப் பிரிவு

முதலாவது, கடமைப் பிரிவு. தம்பதியர் ஒன்றாக வாழவில்லையெனினும் மணவுறவு முழுமையாக நிற்கிறது. இரண்டாவது, நீதிமன்றம் வழங்கும் பிரிவு. பிரெஞ்சுக் குடிமுறைச் சட்டப்படி இது ஒருங்கு வாழும் கடமையை நீக்குகிறது. ஆனால் உண்மையாயிருக்கும் கடமையும் தாங்கும் கடமையும் தொடர்கின்றன. மூன்றாவது, கைவிடுதல். இந்திய உச்ச நீதிமன்றம் 1956-இல் அளித்த தீர்ப்பு ஒன்றில், பிரிந்திருத்தல் மட்டும் கைவிடுதலாகாது, உறவை நிரந்தரமாக முடித்துவிடும் உள்நோக்கமும் அதனோடு இருத்தல் வேண்டும் என்று தெளிவாக்கியது. அதன்படி, அரசின் ஆணையால் அயல்நாட்டிலிருக்கும் வீரன் அதனாலேயே மனைவியைக் கைவிட்டவன் ஆகான். அவ்வாறே, முகாமுக்கு உடன் செல்ல இயலாத மனைவியும் கணவனைக் கைவிட்டவள் ஆகாள்.

3. சட்டங்களின் முரண்

இந்தியக் கிறிஸ்தவருக்குரிய 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஈராண்டுக் கைவிடுதல் மணவிலக்கிற்குக் காரணமாகும். பிரெஞ்சுச் சட்டத்திலோ, கூட்டு வாழ்வு ஓராண்டு அற்றிருந்தால், மணவுறவு மீளாதவாறு சிதைந்துவிட்டதென்று ஒருவர் வழக்கிடலாம். முன்னர் ஈராண்டாக இருந்த இக்காலம் 2021 சனவரி 1 முதல் ஓராண்டாயிற்று. மேலும் 2017 சனவரி 1 முதல், இருவரும் இசைந்தால், நீதிபதியின் முன் செல்லாமலே வழக்கறிஞர் வரைந்த உடன்பாட்டை நொத்தாரிடம் ஒப்படைத்து மணமுறிவு பெறலாம்.

இங்கேதான் இடர் உள்ளது. பிரெஞ்சு மொழி அறியாத பெண்ணிடம், ஓய்வூதியத்திற்கான தாள் என்றோ விசாவிற்கான தாள் என்றோ கூறி ஒப்பம் பெறுவது எளிது. பின்னர் கணவன் அங்கே மணமுறிவு பெற்றவனாகவும், அவள் இங்கே மனைவியாகவும் நிற்பர். அயல்நாட்டு மணவிலக்குத் தீர்ப்பு இந்தியாவில் செல்லுபடியாவதற்கான நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் வகுத்தது. எச்சட்டத்தின் கீழ் மணம் நிகழ்ந்ததோ அச்சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் வேண்டும். இல்லையெனில் எதிர்த்தரப்பினர் தாமாக முன்வந்து வழக்கில் கலந்துகொண்டிருக்கவோ இசைந்திருக்கவோ வேண்டும். ஆதலால் ஆயர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, யார் மேல் தவறு என்பதன்று. இத்திருமணம் எச்சட்டத்தின் கீழ் நடந்தது, எங்கே பதிவாயிற்று என்பதே.

4. திருமறையும் சபை வரலாறும்

உபாகமம் 24:5 புதிதாய் மணந்தவனை ஓராண்டுக் காலம் போருக்கு அனுப்பலாகாது என்று விதிக்கிறது. படையின் தேவைக்கும் மேலாக மனைவியின் மகிழ்ச்சியை வைத்து எண்ணும் சட்டம் இது. 2 சாமுவேல் 11-இல் போர்முனையிலிருக்கும் உரியாவின் மனைவியை அரசன் அழைப்பிக்கிறான். அடுத்த அதிகாரத்தில் நாத்தானின் கண்டனம் அப்பெண்ணின்மேல் விழவில்லை; அதிகாரம் கொண்டவன்மேல் விழுகிறது. கணவன் அயலகத்திலிருக்கும் பெண்ணின் நடத்தையையே கண்காணித்து, அயலகத்திலிருக்கும் கணவனின் நடத்தையைக் கேளாதிருக்கும் சபைகள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

1 கொரிந்தியர் 7:5-இல் பவுல், தம்பதியர் பிரிந்திருத்தலுக்கு இருவரின் சம்மதத்தையும் குறித்த காலவரையறையையும் வேண்டுகிறார். வீரனின் பயணம் அரசின் ஆணை என்பது மெய்யே. ஆயினும் படையில் சேர்வதும் பணிக்காலத்தை நீட்டிப்பதும் அவனுடைய தெரிவுகளே. அவற்றில் மனைவியின் சம்மதமும் கேட்கப்படல் வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் பேசில், கணவனின் மரணம் உறுதியாகுமுன் மறுமணம் செய்தவளைக் கண்டித்தபோதிலும், படைவீரரின் மனைவியர்பால் சற்று இரக்கம் காட்டலாம் என்றார். போர்முனையில் இருப்பவன் இறந்திருப்பான் என்று எண்ணுவதற்கு இடம் அதிகம் என்பது அவர் கூறிய காரணம். 458-இல் உரோமின் லியோ, சிறைப்பட்டு மீண்ட கணவரிடம் மனைவியர் திரும்பவேண்டும் என்று எழுதினார். எனினும், கணவன் இறந்தான் என நம்பி அவளை மணந்த இரண்டாமவனைக் குற்றவாளியாக எண்ணலாகாது என்றார். 1561-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒழுங்குகள், நல்லெண்ணத்தோடு பயணம் சென்று செய்தியற்றுப் போனவனின் மனைவி, மரணச் சான்று கிடைத்தாலன்றிப் பத்தாண்டு காத்திருக்கவேண்டும் என்றன. 1646-இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, திருச்சபையாலும் அரசாலும் சீர்செய்ய இயலாத மனமறிந்த கைவிடுதலை மணமுறிவிற்குரிய காரணமாக ஏற்றது. 1 கொரிந்தியர் 7:15 அவிசுவாசியைப் பற்றியது எனினும், மனைவியை மனமறிந்து கைவிடும் கிறிஸ்தவனும் அவிசுவாசியைப் போலவே நடக்கிறான் என்பது லூத்தரின் கருத்து.

இவற்றினின்று நாம் பெறும் படிப்பினை ஒன்றுண்டு. பண்டைய சபை நெடுங்காலம் காத்திருக்கச் சொன்னதற்குக் காரணம், உண்மையை அறிய வழியில்லாமையே. இன்று எந்நாட்டு முகாமிலிருந்தும் ஒரே நாளில் செய்தி வரக்கூடும். ஆகவே தக்க காரணமின்றி மாதக்கணக்கில் நீடிக்கும் மௌனம் பெரும்பாலும் கணவன் தெரிந்துகொண்ட மௌனமே. அந்நிலையில் மனைவியை வெறுமனே பொறுத்திரு என்று சொல்லி அனுப்புவது திருமறையின் போதனையன்று, கைவிட்டவனுக்குத் துணைபோவதாகும்.

5. ஆயரின் பணி

திருமணத்திற்கு முன்னரே இருவரையும் அமர்த்தி, பிரிவின் கால அளவு, பணம் யார் பெயரில் வரும், விடுமுறை எப்பொழுது என்பவற்றைப் பேசவைத்தல் வேண்டும். மணமகன் பிரெஞ்சுக் குடிமகனாயின், திருமணம் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டிலும் ஏற்றப்பட்டதா என்பதைத் தூதரகத்தின் வழி உறுதி செய்யவேண்டும். பிரெஞ்சுப் படை ஓய்வூதியத்தில் விதவைக்கு மட்டுமன்றி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மணவிலக்குப் பெற்ற மனைவிக்கும் உரிமை உண்டு. பதிவு இல்லையேல் அவ்வுரிமையை நாட்டுவது கடினம்.

பொருள் விளங்காத எத்தாளிலும் ஒப்பமிடலாகாது என்பதைப் பெண்களுக்கு வெளிப்படையாகக் கற்பிக்கவேண்டும். மொழிபெயர்க்க வல்லவரையும் வழக்கறிஞரையும் தேடித்தருவது ஆயரின் பணிக்குப் புறம்பானதன்று. கைவிடப்பட்டவள் வாழ்க்கைப் பொருள் கோரி, 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின் கீழ் இங்குள்ள நீதிமன்றத்தை அணுகலாம். படைமுகாமிலுள்ள கணவனுக்கும் நேரடியாக எழுதவேண்டும். அவனது தனிமையும் போரின் அச்சமும் கேட்கப்படாமல் ஒப்புரவு எதுவும் நிலைக்காது.

இறுதியாக, ஒப்புரவு இயலுமிடத்தில் அதற்காக நாம் உழைக்கவேண்டும். இயலாதவிடத்தில், கைவிடப்பட்டவளைத் திருவிருந்தினின்றும் சபைப் பொறுப்பினின்றும் விலக்கிவைத்தல் நீதியன்று. அவள் தனித்திருக்கலாம், அல்லது சட்டப்படி விடுதலை பெற்று மறுவாழ்வு தேடலாம். இரண்டிலும் அவளுக்குத் துணை நிற்பது திருச்சபையின் கடன்.