உங்களுக்குத் தெரியுமா? ஓதக் குட்டைகள்

ஓதம் வற்றும்போது கரையோரப் பாறைப் பள்ளங்களில் தங்கிவிடும் கடல்நீரே ஓதக் குட்டை. சில மணி நேரத்தில் ஓதம் திரும்ப ஏறிவிடும். அதற்குள் வெயிலில் நீர் சூடாகும், உப்பு கூடும். மழை பெய்தால் உப்பு சட்டென்று குறையும். இதைத் தாங்கும் உயிர்களே அங்கே பிழைக்கின்றன: ஓட்டை இறுக மூடிக்கொள்ளும் கொட்டலசு, உணர்கொம்புகளைச் சுருக்கிக்கொள்ளும் கடல் சாமந்தி, காலிச் சங்கில் குடியேறும் துறவி நண்டு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகம் உள்வாங்கும். குட்டைகளைப் பார்ப்பதற்கு அந்நாள்களே ஏற்றவை. நீர் ஏறுமுன் கரை திரும்பிவிட வேண்டும். புரட்டிய கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும்; இல்லையென்றால் அதன் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் மடியும். காலிச் சங்கையும் எடுக்கக் கூடாது, அது ஏதோ ஒரு நண்டின் அடுத்த வீடு.

மன்னார் வளைகுடாவில் இது வெறும் நாகரிகமல்ல, சட்டம். அங்குள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவானது. தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பது குற்றம்.

கடலைக் காக்கும் பொறுப்பு கரையோரத்தாருக்கு மட்டுமல்ல; கடற்கரையே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் கடலோடு தொடர்பு உண்டு. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கடக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வழியில் ஆற்றில் விழும் ஆலைக் கழிவும் பிளாஸ்டிக்கும் அதே பாதையில்தான் போகின்றன.