நடைபாதையில் நாற்காலி: அனுமதிக்கு முன் அளக்க வேண்டியவை

பகல் வெயில் தணிந்து மாலைக் காற்று வீசத் தொடங்கியதும் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோரப் பட்டினங்களிலும், உள்ளே இறக்காமம், வரிப்பத்தான்சேனை போன்ற விவசாய ஊர்களிலும் தேநீர்க் கடைகளின் நாற்காலிகள் வெளியே வந்துவிடுகின்றன. வயலிலிருந்து திரும்பியவரும் இஷாத் தொழுகையை முடித்தவரும் ஒரு கோப்பைத் தேநீரோடு ஊர் விடயங்களைப் பேசி அமர்ந்திருப்பது நமது வாழ்வின் இனிய வழக்கங்களுள் ஒன்று. ஆயினும், அந்த நாற்காலி கடையின் முற்றத்தைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டால், அது கடைக்காரரின் சொந்த விடயமாக மட்டும் இருப்பதில்லை. அதற்கு அனுமதி வழங்கலாமா, வழங்குவதாயின் எவ்வாறு என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

முதலில் எழும் கேள்வி, அந்த வீதி யாருடையது என்பதாகும். கல்முனை ஊடாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாண நிருவாகத்துக்கும், ஊரின் உள்வீதிகள் உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. வரிப்பத்தான்சேனையின் உள்வீதிகளைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இறக்காமம் பிரதேச சபையே பொறுப்பாகும். எனவே, நெடுஞ்சாலையோர நடைபாதைக்குப் பிரதேச சபையிடம் மட்டும் கடிதம் பெற்றுக்கொண்டு, "அனுமதி கிடைத்துவிட்டது" என்று கடைக்காரர் நிம்மதி அடைய முடியாது. அதேபோல், வியாபார அனுமதிப்பத்திரம் என்பது கடைக்குள் தொழில் செய்வதற்கான அனுமதியேயன்றி, பொது வீதியைப் பயன்படுத்துவதற்கான அனுமதியன்று.

பொது வழியைச் சட்டவிரோதமாக மறிக்கும் தடையை அகற்றுமாறு கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரமளிக்கிறது. ஆகவே, ஊரார் எவரும் ஆட்சேபிக்கவில்லை என்பது மட்டும் ஒரு கடைக்குப் பாதுகாப்பாகிவிடாது.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் உணவகங்களுக்கு நடைபாதை அனுமதி முறை கொண்டுவரப்பட்டு, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நிரந்தரமாக்கப்பட்டது. நாற்காலிகள் போட்ட பின்னரும் நடப்போருக்கு 1.5 மீற்றர், அதாவது ஏறக்குறைய 5 அடி, தடையின்றி இருக்க வேண்டும் என்பதே அங்கு பொதுவாகக் கொள்ளப்படும் அளவாகும். சக்கர நாற்காலியில் வருபவரும் எதிரே நடந்து வருபவரும் சிரமமின்றி விலகிச் செல்ல இவ்வளவு இடம் அவசியம்.

இதனை நமது வீதிகளில் பொருத்திப் பார்ப்போம். சுவரோரமாக ஒரு சிறிய மேசையும் அதன் இரு பக்கங்களில் நாற்காலிகளும் போட்டால் 3 அடியாவது போய்விடும். நடைபாதை 8 அடியாயின் மீதி 5 அடி இருக்கும். 6 அடியாயின் 3 அடியே மிஞ்சும். அந்த 3 அடியிலும் ஒரு மின்கம்பமோ, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளோ இருந்தால் நடப்பவருக்கு எஞ்சுவது தார் வீதி மட்டுமே. நமது ஊர்களில் பல இடங்களில் வடிகானுக்கு மேல் இட்ட கொங்கிறீட் மூடிதான் நடைபாதை என்பதையும் மறந்துவிடலாகாது. அத்தகைய இடத்தில் ஒரு நாற்காலிக்கும் இடமில்லை.

வீதியில் இறங்க நேர்பவர்கள் யார்? பாடசாலையும் மத்ரஸாவும் விட்டு வரும் பிள்ளைகள், கைத்தடியூன்றிப் பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியோர், குழந்தையை ஏந்திய தாய்மார் ஆகியோரே. ஆண்கள் நிறைந்து அமர்ந்திருக்கும் கடையின் ஊடாகச் செல்லத் தயங்கும் பெண், இடம் இருந்தாலும் வீதியிலேயே இறங்கி நடப்பாள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழான 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கையில், இதனைச் சிறு விடயமென ஒதுக்க முடியாது.

மூன்றாவது கேள்வி, வைக்கப்படுவது அகற்றக்கூடியதா, நிலையானதா என்பதாகும். இதில் நமது மார்க்கச் சட்ட மரபு மிகத் தெளிவாக உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் முக்கிய நூலான மின்ஹாஜில் இமாம் நவவி அவர்கள், வீதியின் பயன் நடப்பதே என்பதை அடிப்படையாகக் கொள்கிறார்கள். நடப்போருக்கு நெருக்கடி இல்லையெனில் ஓய்வுக்காகவோ கொடுக்கல் வாங்கலுக்காகவோ அங்கு அமர்வதை அனுமதிக்கிறார்கள். ஆனால், வீதியில் திண்ணை கட்டுவதைத் தடை செய்கிறார்கள். அமர்பவர் எழுந்து செல்வார், கட்டப்பட்டதோ நிலைத்துவிடும். வீதியில் அமர்வோர் அதற்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், பார்வையைத் தாழ்த்துவதும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அதில் அடங்கும் என்றும் நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதும் நாம் அறிந்ததே.

சிங்கப்பூரின் அனுபவம் இதற்குச் சான்று. 1822ஆம் ஆண்டு ராபிள்ஸின் நகரத் திட்டத்தில், கடைகளின் முன்னே தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. காலப்போக்கில் அந்த வழியைக் கடைச் சரக்குகள் நிறைத்தன. 1888ஆம் ஆண்டு நகர நிருவாகம் அவற்றை அகற்ற முற்பட்டபோது கலவரமே மூண்டது. நீண்ட காலம் கண்டும் காணாமல் விட்டதைத் திடீரென அகற்ற முனைந்தால், வியாபாரி அதனைத் தன் உரிமைப் பறிப்பாகவே கருதுவார். ஆகவே, எல்லையைத் தொடக்கத்திலேயே வகுத்துவிட வேண்டும்.

முற்றாகத் தடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். சிறிய சாப்பாட்டுக் கடையொன்றுக்கு மாலை நேரத்து நான்கு மேசைகள் ஒரு குடும்பத்தின் சீவனோபாயம் என்பதை மறுப்பதற்கில்லை. மேலும், தடை என்பது ஏட்டில் மட்டும் இருக்கும்போது செல்வாக்குள்ளவரின் நாற்காலி வெளியே நிற்கும். ஏழையின் நாற்காலி மட்டும் பறிமுதலாகும். அதைவிட, அனைவருக்கும் பொதுவான, எழுதப்பட்ட விதி மேலானது.

அவ்விதி இவ்வாறு அமையலாம்: 5 அடி வழி எஞ்சாத இடத்தில் எவருக்கும் அனுமதியில்லை. எஞ்சும் இடத்தில் எல்லைக்கோடு வரையப்பட வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் நாற்காலிகள் உள்ளே இருக்க வேண்டும். கடை மூடும்போது யாவும் அகற்றப்பட வேண்டும். கழிவுகள் வடிகானுக்குள் செல்லலாகாது. அனுமதி ஓராண்டுக்கே செல்லும். கட்டணமும் அனுமதி பெற்றோர் பட்டியலும் சபையின் அறிவித்தல் பலகையில் இருக்க வேண்டும். அயல் கடைக்காரரும் குடியிருப்பாளரும் ஆட்சேபனை தெரிவிக்க அவகாசம் அளிக்கப்பட வேண்டும். இதனை உபவிதியாக்கி வர்த்தமானியில் வெளியிட்டால் அதிகாரியின் தயவுக்கு இடமிராது.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கிய பிரதேச சபைகள் இன்று மீண்டும் அவர்களின் கையில் உள்ளன. இத்தகைய அன்றாட விடயங்களைத் தீர்ப்பதற்கே அம்மன்றங்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் ஒரு மாலைப் பொழுதில் அளவு நாடாவோடு கடைத்தெருவுக்குச் சென்று, நாற்காலிகளில் ஆட்கள் அமர்ந்திருக்கும்போதே எஞ்சும் வழியை அளந்து பார்க்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் எவரது உதவியும் இன்றி அவ்வழியே கடந்து செல்ல முடியுமாயின், கடைக்காரரும் தாராளமாகத் தேநீர் பரிமாறலாம்.