காகிதத்தில் இழைத்த நாற்காலி

கன்னங்கரிய நாற்காலி. சாய்மானப் பலகையில் ரோஜாக் கொத்து ஒன்று. இதழ்களுக்குள்ளிருந்து சிப்பி பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னுகிறது. விளிம்பைச் சுற்றிப் பொன்னிறக் கொடி ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட இத்தகைய நாற்காலியை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கருங்காலி மரம் என்றே சொல்வார்கள். ஆனால் அந்தப் பலகை முழுக்க முழுக்கக் காகிதம். பேப்பியர் மாஷே என்பது இந்த வேலைப்பாட்டின் பெயர்.

காகிதத்தில் செய்த பொருள் என்றதும் நமக்குக் கொலு பொம்மை நினைவுக்கு வரும். காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி அச்சில் அழுத்துவது அந்த முறை. பர்மிங்காமின் உயர்ரகப் பொருள்களுக்கோ காகிதத்தை அரைக்கவே இல்லை. தாள்மேல் தாளாக ஒட்டினார்கள். இந்த முறைக்கு 1772இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி கிளே.

மை உறிஞ்சும் தாளைப் போன்ற, கந்தல் துணியில் செய்த தடித்த காகிதம்தான் மூலப்பொருள். அதில் மாவும் வச்சிரமும் கலந்த பசையைத் தடவி, அச்சின்மேல் விரித்து, காற்றுக்குமிழி தங்காமல் தேய்த்து ஒட்டுவார்கள். பிறகு சூடான அறையில் உலர்த்துவார்கள். உலர்ந்ததும் மேடு பள்ளங்களைச் சமன் செய்துவிட்டு அடுத்த அடுக்கு. வேண்டிய கனம் வந்தபின் ஆளி விதை எண்ணெயை ஊறவிட்டு, மீண்டும் சூட்டில் வாட்டுவார்கள். எண்ணெய் காகித இழைகளுக்குள் புகுந்து இறுகிவிடும். இப்படிக் கிடைத்த பலகையை ரம்பத்தால் அறுக்கலாம், இழைப்புளியால் இழைக்கலாம், ஆணி முடுக்கலாம். மரத்தைப் போல நரம்போட்டம் இல்லாததால் அது எளிதில் வெடிப்பு விடாது. அதனால்தான் கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்கு நாற்காலிகளுக்கும் பக்கப் பலகையாக இதைப் பொருத்தினார்கள். தேநீர்த் தட்டுகளும் சிறு பெட்டிகளும் இதில் ஏராளமாக உருவாயின.

அதன் கருமைக்கும் பளபளப்புக்கும் பின்னால் ஒரு ஏக்கம் இருந்தது. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வந்த மெருகுப் பொருள்களைக் கண்டு ஐரோப்பா மயங்கியது. ஆனால் அந்த மெருகைத் தரும் பால் வடியும் மரம் அங்கே இல்லை. எனவே நிலக்கீல், பிசின், ஆளி விதை எண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றைக் கொண்டு வேறொரு கறுப்பு வார்னிஷை உருவாக்கினார்கள். ஒரு பூச்சு, ஒரு சூடு, ஒரு தேய்ப்பு என்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் அந்த ஆழம் வரும். கடைசி மெருகைப் பெரும்பாலும் பெண்களே ஏற்றினார்கள். நுண்ணிய கல்தூளைத் தொட்டு வெறும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அதைக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜென்னன்ஸ் அண்ட் பெட்ரிட்ஜ் நிறுவனம். 1816இல் கிளேயின் தொழிற்கூடத்தில் தொழில் தொடங்கிய அந்த நிறுவனம், 1825இல் சிப்பி அலங்காரத்துக்குக் காப்புரிமை பெற்றது. சிப்பியை முதலில் மெல்லிய தகடாகத் தேய்த்துக்கொள்வார்கள். வேண்டிய வடிவத்தை அதன்மேல் வார்னிஷால் வரைந்து அமிலத்தில் இடுவார்கள். வார்னிஷ் மூடிய இடம் தப்பிக்கும். மற்றதை அமிலம் அரித்துவிடும். அந்தத் துண்டைப் பலகையில் ஒட்டி, சுற்றிலும் கறுப்பு வார்னிஷைப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, சிப்பியின் மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். பின்னர் நுரைக்கல்லாகிய பியூமிஸால் தேய்த்தால் சிப்பி மறுபடி வெளிப்படும். அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தில் இதழ்களைத் தீட்டினால், பூவுக்கு அடியிலிருந்தே வெளிச்சம் வருவதுபோல் தோன்றும். தங்க இலையும் பலநிற உலோகத் தூள்களும் மீதி வேலையைச் செய்தன.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்த நிறுவனம் ‘பகற்கனவு காண்பவர்’ என்ற பெயரில் ஒரு சாய்வு நாற்காலியை வைத்தது. வடிவமைத்தவர் எச். ஃபிட்ஸ் குக். இனிய கனவுகளையும் கெட்ட கனவுகளையும் குறிக்கும் சிறகுள்ள உருவங்கள் அதன் உச்சியில் அமர்ந்திருந்தன. ஆனால் எல்லாவற்றையும் காகிதத்தின் தலையில் சுமத்த முடியாது. பாரம் தாங்கும் கால்களுக்கும் சட்டங்களுக்கும் பெரும்பாலும் மரமோ உலோகமோதான் பயன்பட்டது.

அதன்பின் ரசனை மாறியது. வெள்ளி மின்முலாம் பூசிய தட்டுகள் சந்தைக்கு வந்தன. இவ்வளவு கைவேலைக்கு விலை கொடுக்க ஆள் குறைந்தது. 1864இல் ஜென்னன்ஸ் அண்ட் பெட்ரிட்ஜ் மூடப்பட்டது.

மிஞ்சிய பொருள்கள் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய எதிரி ஈரம். வார்னிஷ் பெயர்ந்த விளிம்பு வழியே நீர் இறங்கினால் தாள்கள் உப்பிப் பிரிந்துவிடும். கடும் வெயிலும் ஆகாது. இப்படி ஒரு பொருள் உங்கள் கைக்கு வந்தால் உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். உடைந்த இடத்தை நீங்களே ஒட்டாமல், பழம்பொருள் பேணும் வல்லுநரிடம் கொடுங்கள். கந்தல் துணியிலிருந்து பிறந்த காகிதத்தை மரத்துக்கு நிகராக உயர்த்திய உழைப்பு அது. இன்னொரு நூற்றாண்டு வாழ அதற்குத் தகுதி உண்டு.